ஐபி முகவரியைத் தானே சொல்லும் குட்டித் திரை: 0.96 அங்குல ஓஎல்ஈடி வாங்கலாமா?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், வாங்கலாம். மானிட்டர், கீபோர்டு எதுவும் இல்லாமல் ஒரு மூலையில் ஓடிக்கொண்டிருக்கும் ராஸ்ப்பெர்ரி பை (இனி சுருக்கமாக 'பை') மாதிரியான குட்டிக் கணினி உங்களிடம் இருந்து, அதன் ஐபி முகவரியை, அதாவது நெட்வொர்க்கில் அதைக் கூப்பிடும் எண்ணை, ஒவ்வொரு முறையும் தேடித் தேடி அலுத்துப்போயிருந்தால், நான்கு வயரில் வேலையை முடித்துவிடும் இந்தத் திரைதான் நான் பயன்படுத்திப் பார்த்ததிலேயே நல்ல வழி. ஆனால் இது மட்டும் போதாது. கூடவே ஒரு யூஎஸ்பி சீரியல் கேபிளும் கையில் இருக்க வேண்டும், அது ஏன் என்பதைப் பின்னால் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இந்தத் திரையை வாங்கிவிட்டு "வேலையே செய்யவில்லை" என்று தூக்கிப் போடுகிறவர்களில் பாதிப் பேர் மாட்டிக்கொள்வது அந்த இடத்தில்தான்.

பிரச்சினை என்னவென்று சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். திரை இல்லாத கணினிக்குள் இன்னொரு கணினியிலிருந்து நெட்வொர்க் வழியே போக எஸ்எஸ்ஹெச் என்கிற முறை வேண்டும், எஸ்எஸ்ஹெச் போக முகவரி தெரிய வேண்டும், அந்த முகவரியை ரவுட்டர் டிஹெச்சிபி என்கிற தானியங்கி முறையில் கொடுக்கிறது, வாங்கிக்கொண்ட கணினியால் அதை நமக்குக் காட்ட முடியவில்லை. ரவுட்டரின் பக்கத்துக்குள் போய் இணைந்திருக்கும் சாதனங்களின் பட்டியலைப் பார்க்கலாம். என்மேப் என்கிற ஸ்கேன் நிரலை வைத்து 192.168.1.0/24, அதாவது 192.168.1 என்று தொடங்கும் முகவரிகள் முழுவதையும் ஒரு சுற்று ஸ்கேன் செய்து, சாதனத்தின் வன்பொருள் எண்ணான மேக் முகவரி பி8:27:ஈபி என்றோ டிசி:ஏ6:32 என்றோ தொடங்குகிறதா என்று பார்த்து அதுதான் நம் பை என்று பிடிக்கலாம். ராஸ்ப்பெர்ரிபை.லோக்கல் என்று பெயர் சொல்லியே கூப்பிட்டும் பார்க்கலாம். மூன்றும் சொந்த ரவுட்டர் இருக்கும் இடத்தில் நன்றாகவே நடக்கும். ரவுட்டரின் கடவுச்சொல் நம் கையில் இல்லாத இடத்துக்குப் பையைக் கொண்டுபோனால் கதையே வேறு. பட்டியல் பார்க்க முடியாது, ஸ்கேன் செய்தால் நெட்வொர்க்கைக் கவனித்துக்கொள்பவர் வந்து கேள்வி கேட்பார், .லோக்கல் பெயரோ பக்கத்தில் இருக்கும் எல்லோரையும் ஒரே நேரத்தில் கூப்பிட்டுக் கேட்கும் மல்டிகாஸ்டை நம்பி இருப்பதால் நெட்வொர்க் இரண்டு மூன்று பகுதிகளாகப் பிரிந்திருந்தால் அடுத்த பகுதிக்கு எட்டாது. ஒரே பெயரில் இரண்டு பை இருந்துவிட்டால் இரண்டாவது தன் பெயருக்குப் பின்னால் தானாக ஒரு 2 சேர்த்துக்கொள்ளும், எது எது என்று வெளியிலிருந்து சொல்ல வழியில்லை.

இவை எல்லாமே வெளியே நின்றுகொண்டு ஊகிக்கிற வழிகள். தன் முகவரி என்னவென்று அந்தக் கணினிக்குத் தெரியும், அதன் வாயாலேயே சொல்லவைப்பதுதான் சரி, அதற்குத்தான் இந்தத் திரை.

சரி, பொருளுக்கு வருவோம். கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிய கண்ணாடி, அதற்குப் பின்னால் ஒரு சின்ன போர்டு, மேல் விளிம்பில் நான்கு பின். 128 புள்ளி அகலம், 64 புள்ளி உயரம், கண்ட்ரோலர் சிப் எஸ்எஸ்டி1306. முழு வெள்ளை, முழு நீலம், மேலே 16 வரிசை மஞ்சளும் கீழே 48 வரிசை நீலமும் என்று மூன்று விதமாகக் கிடைக்கிறது. அந்த இரட்டை நிறம் பார்க்க அழகாக இருக்கும், மஞ்சள் பட்டையில் கணினியின் பெயர், நீலத்தில் முகவரி என்று வைத்தால் கச்சிதம், ஆனால் இரண்டு நிறத்துக்கும் நடுவில் மயிரிழை போல ஒரு கறுப்பு இடைவெளி உண்டு, பெரிய எழுத்து அதன் மேல் விழுந்தால் இரண்டாக வெட்டுப்பட்டது போலத் தெரியும். நான் வெள்ளையைத்தான் பரிந்துரைப்பேன், எந்த உயரத்தில் எழுதினாலும் தொந்தரவில்லை.

வாங்கும்போது பின் வரிசையைப் பார்த்து வாங்குங்கள், இதை அழுத்திச் சொல்கிறேன். ஒரே மாதிரி தோன்றும் இரண்டு போர்டுகளில் ஒன்றில் இடமிருந்து ஜிஎன்டி, விசிசி, எஸ்சிஎல், எஸ்டிஏ என்றும் இன்னொன்றில் விசிசி, ஜிஎன்டி, எஸ்சிஎல், எஸ்டிஏ என்றும் அச்சடித்திருக்கும். விசிசி என்பது மின்சாரம், ஜிஎன்டி என்பது கிரவுண்ட், மற்ற இரண்டும் சிக்னல். முதல் இரண்டும் இடம் மாறியிருப்பதைக் கவனிக்காமல் பழைய வயரிங்கை அப்படியே செருகினால் மின்சாரம் தலைகீழாகப் போய்த் திரை செத்துவிடும். போர்டில் என்ன அச்சடித்திருக்கிறதோ அதுதான் உண்மை, விற்பனைப் பக்கத்தில் இருக்கும் படத்தை நம்பி வயர் மாட்ட வேண்டாம். இன்னொன்று, சில பாக்கெட்டுகளில் பின்கள் தனியாக வரும், நாமே சால்டர் செய்ய வேண்டும். சால்டரிங் பழக்கம் இல்லாதவர்கள் பின் வைத்தே வருகிறதா என்று கேட்டு வாங்குவது நல்லது. பையிலும் இதே பிரச்சினை உண்டு, ஜீரோ டபிள்யூ வெறும் துளைகளோடு வரும், ஜீரோ டபிள்யூஹெச் பின்களோடு வரும்.

போர்டின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தால் ஒரு ரெசிஸ்டர் பக்கத்தில் 0எக்ஸ்78, 0எக்ஸ்7ஏ என்று இரண்டு முகவரி எழுதியிருக்கும். இது ஐபி இல்லை, ஐ2சி என்கிற அந்த இரண்டு வயர்ப் பாதையில் திரைக்கு இருக்கும் முகவரி. பையில் தேடினால் 78 என்ற இடத்தில் எதுவும் இருக்காது, 3சி என்ற இடத்தில் இருக்கும். போர்டில் எழுதியிருப்பது படிப்பதா எழுதுவதா என்று சொல்லும் கடைசி பிட்டையும் சேர்த்த எட்டு பிட் எண், லினக்ஸ் காட்டுவது அந்த பிட் இல்லாத ஏழு பிட் எண், அதனால் அது பாதியாகிவிடுகிறது, பதினாறை அடிப்படையாகக் கொண்ட எண்கள் என்பதால் 78இல் பாதி 3சி. 78 என்று நிரலில் எழுதிவிட்டுத் திரை பழுது என்று முடிவு கட்டாதீர்கள்.

வயரிங் எளிது. பையின் 40 பின் வரிசையில் 1ஆம் பின் 3.3 வோல்ட், 3ஆம் பின் எஸ்டிஏ, 5ஆம் பின் எஸ்சிஎல், 6 அல்லது 9ஆம் பின் கிரவுண்ட். நான்கும் ஒரே மூலையில் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால் நான்கு ஜம்பர் வயர் போதும், ரெசிஸ்டர், பிரெட்போர்டு எதுவும் தேவையில்லை, எஸ்டிஏ, எஸ்சிஎல் இரண்டையும் 3.3 வோல்ட்டில் தூக்கிப் பிடிக்க வேண்டிய புல்அப் ரெசிஸ்டர் பை போர்டிலேயே இருக்கிறது. 5 வோல்ட்டில் கொடுக்கலாமா என்று கேட்பவர்களுக்கு, கொடுக்காதீர்கள். பையின் சிக்னல் பின்கள் 3.3 வோல்ட்டுக்கு மேல் தாங்காது, இந்தத் திரை 3.3 வோல்ட்டிலேயே பளிச்சென்று எரியும், பின்னே எதற்கு வம்பு. வயரை நீளமாக இழுக்காமல் ஒரு சாண் அளவுக்குள் வைத்துக்கொள்ளுங்கள், நீளம் கூடினால் எழுத்துகள் இடையிடையே குப்பையாகிவிடும்.

மென்பொருள் பக்கம் ராஸ்ப்பி கான்ஃபிக் என்கிற அமைப்பு நிரலுக்குள் போய் ஐ2சியை ஆன் செய்ய வேண்டும், அது இயல்பாக ஆஃப். பிறகு ஐ2சி டிடெக்ட் கட்டளையை பஸ் 1க்கு ஓட்டினால் கோடுகளாலான ஒரு கட்டம் வரும், அதில் 3சி என்று ஒரே ஒரு இடத்தில் எண் தெரிந்தால் வயரிங் சரி. கட்டம் முழுக்கக் கோடுகளாகவே இருந்தால் எஸ்டிஏவும் எஸ்சிஎல்லும் மாறியிருக்கிறதா என்று பாருங்கள், பெரும்பாலும் அதுதான். நிரலுக்கு லூமா.ஓஎல்ஈடி என்கிற பைத்தான் லைப்ரரி எனக்குப் பிடித்தது, எழுத்து, கட்டம், படம் எல்லாம் ஓரிரு வரியில் வரைந்துவிடலாம், பின்னாளில் வேறு சிப் உள்ள திரைக்கு மாறினாலும் ஒரு சொல்லை மாற்றினால் போதும். ராஸ்ப்பெர்ரி பை ஓஎஸ்ஸின் 2023இல் வந்த புக்வோர்ம் பதிப்பிலிருந்து, லைப்ரரிகளை நிறுவும் பிப் கட்டளை நேரடியாக நிறுவ விடாது, தனி விர்ச்சுவல் சூழல் உருவாக்கி அதற்குள் போட வேண்டும், பழைய குறிப்புகளைப் பார்த்து அப்படியே தட்டச்சு செய்தால் அங்கே ஒரு பிழைச் செய்தி வந்து நிற்கும்.

முகவரியைக் கண்டுபிடிக்கிற அந்த ஒரு வரியில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். கணினியின் பெயரைக் கொடுத்து அதற்கு ஐபி என்ன என்று பைத்தானிடம் கேட்டால், டெபியன் வகை லினக்ஸில் 127.0.1.1 என்று பதில் வரும். ஹோஸ்ட்ஸ் கோப்பில் அப்படித்தான் எழுதியிருக்கிறது, அது உள்ளுக்குள்ளேயே சுற்றுகிற முகவரி, வெளியிலிருந்து அதற்குப் போக முடியாது. ஹோஸ்ட்நேம் கட்டளையைப் பெரிய ஐ எழுத்தோடு கொடுத்தால் இருக்கும் எல்லா முகவரியையும் கொட்டும், ஆனால் அதில் டாக்கர் என்கிற மென்பொருள் நிறுவியிருந்தால் அதன் உள் முகவரியான 172.17.0.1 சேர்ந்து வரும், நீளமான ஐபிவி6 வகை முகவரிகளும் வரும், எது முதலில் வரும் என்று உறுதி கிடையாது. எனக்குப் பிடித்த வழி, முன்கூட்டியே கைகுலுக்கத் தேவையில்லாத யூடிபி வகையில் ஒரு சாக்கெட் (நிரலின் இணைப்பு முனை) திறந்து வெளியே இருக்கும் ஏதோ ஒரு முகவரிக்கு, 8.8.8.8 என்று வைத்துக்கொள்ளுங்கள், கனெக்ட் கொடுத்துவிட்டு, என் பக்கத்து முகவரி என்ன என்று அந்த சாக்கெட்டையே கேட்பது. யூடிபி என்பதால் அப்போது ஒரு பாக்கெட்கூட வெளியே போவதில்லை, எந்த வழியாகப் போவேன் என்று இயங்குதளத்தின் மையமான கெர்னல் முடிவு செய்கிற முகவரி மட்டும் கிடைத்துவிடும். வெளியே போகும் வழியே இல்லாத நெட்வொர்க்கில் இது பிழை கொடுக்கும், அப்போது மட்டும் ஈத்தர்நெட், வைஃபை இரண்டையும் தனித்தனியாகப் படித்துக் காட்டுமாறு எழுதிவிடலாம்.

இப்போது இந்தத் திரையின் மிக முக்கியமான குணம். இதற்குச் சொந்த நினைவகம் இருக்கிறது, கடைசியாக அனுப்பிய படத்தை அது பாட்டுக்குக் காட்டிக்கொண்டே இருக்கும். நிரல் செத்துப்போனாலும் காட்டும். கணினியையே முறையாக ஷட்டவுன் செய்தாலும், பவர் கேபிளைப் பிடுங்காத வரை, நிரல் போகும்போது திரையை அழித்துவிட்டுப் போகவில்லை என்றால் பழைய முகவரி அப்படியே பளிச்சென்று நிற்கும். ரவுட்டர் புது முகவரி கொடுத்திருக்க, திரை பழையதைக் காட்ட, நாம் அந்தப் பழையதற்கு எஸ்எஸ்ஹெச் கொடுத்துக் காத்திருக்க, இதைவிட மோசமான நிலை வேறு இல்லை, முகவரி தெரியாமல் இருந்தால்கூட வேறு வழி தேடியிருப்போம். அதனால் பூட் ஆகும்போது ஒரு முறை காட்டிவிட்டு ஒதுங்கிவிடும் நிரலை எழுத வேண்டாம். சில விநாடிக்கு ஒரு முறை முகவரியைப் புதிதாகப் படித்து எழுதட்டும், கூடவே ஒரு ஓரத்தில் நேரத்தை விநாடியோடு காட்டட்டும், அல்லது ஒரு புள்ளி மின்னி மின்னி அணையட்டும். அந்தப் புள்ளி நின்றுவிட்டால் திரையில் இருப்பதை நம்பக் கூடாது என்று ஒரு பார்வையில் தெரிந்துவிடும். ஜம்பர் வயர் ஒரு கணம் தளர்ந்தால் பைத்தான் நிரல் ரிமோட் ஐ/ஓ எரர், எண் 121 என்று சொல்லிவிட்டு நின்றுவிடும், ஆகவே நிரல்களைத் தொடங்கிக் கவனித்துக்கொள்ளும் சிஸ்டம்டி சர்வீஸில் ரீஸ்டார்ட் எப்போதும் என்று போட்டு வையுங்கள், திரும்ப எழுந்து திரையைப் புதிதாகத் தொடங்கிவிடும்.

முகவரி இல்லாத நேரத்தில் திரை என்ன சொல்கிறது என்பதும் முக்கியம், எனக்கு இந்தத் திரை பிடித்துப்போனதற்குப் பெரிய காரணமே அதுதான். "வைஃபை இணைப்பு இல்லை" என்று வந்தால் கடவுச்சொல்லோ நெட்வொர்க் பெயரோ தப்பு. 169.254 என்று தொடங்கும் முகவரி வந்தால் டிஹெச்சிபி பதில் சொல்லவில்லை, கணினி தானே ஒன்றை வைத்துக்கொண்டிருக்கிறது, கேபிளையோ ரவுட்டரையோ பார்க்க வேண்டும். சரியான முகவரி இருந்தும் நம்மால் உள்ளே போக முடியவில்லை என்றால், வைஃபையில் சாதனங்கள் ஒன்றையொன்று பார்க்கவிடாமல் தடுத்திருக்கிறார்கள் என்று சந்தேகிக்கலாம். வெளியிலிருந்து ஸ்கேன் செய்கிறவருக்கு இந்த மூன்றும் ஒரே மாதிரிதான் தெரியும், பட்டியலில் ஆள் இல்லை, அவ்வளவுதான்.

எழுத்தின் அளவைப் பற்றி ஒரு குறிப்பு. ஐபிவி4 முகவரி எவ்வளவு நீளமாக இருந்தாலும் புள்ளிகளையும் சேர்த்து 15 எழுத்துதான். 8 புள்ளி அகல எழுத்து வைத்தால் 120 புள்ளி, 128க்குள் ஒரே வரியில் அழகாக உட்கார்ந்துவிடும், கைக்கெட்டும் தூரத்தில் கண்ணாடி போடாமலே படிக்கலாம். ஐபிவி6 முழுதாக எழுதினால் 39 எழுத்து வரும், சின்ன எழுத்தில் வரிக்கு 21 என்று இரண்டு வரியாக்கிக்கொள்ள வேண்டும், படிக்கலாம், தட்டச்சு செய்யத்தான் பொறுமை வேண்டும். பையில் ஏதாவது வலைப்பக்கம் ஓடுகிறது என்றால் முகவரியைக் க்யூஆர் குறியாகவே திரையில் போட்டுவிடலாம், மிகச் சிறிய க்யூஆர் 21க்கு 21 கட்டம், சுற்றிலும் விட வேண்டிய வெற்று ஓரத்தோடு 29, ஒரு கட்டத்துக்கு இரண்டு புள்ளி என்றால் 58, உயரம் 64 என்பதால் இடம் இருக்கிறது. எச்டிடிபியோடு முகவரி முழுவதையும் பெரிய எழுத்தில் எழுதினால்தான் அந்த மிகச் சிறிய அளவுக்குள் அடங்கும். பின்னணியை வெள்ளையாகவும் கட்டங்களைக் கறுப்பாகவும் போடுங்கள், பிரகாசத்தைக் குறைத்தால் ஃபோன் கேமரா சீக்கிரம் பிடிக்கும்.

குறைகளைச் சொல்ல வேண்டும். ஓஎல்ஈடி என்பதால் ஒரே இடத்தில் ஒரே எழுத்து மாதக்கணக்கில் எரிந்தால் அந்தப் புள்ளிகள் மங்கி, மற்ற இடத்தோடு பார்க்கும்போது நிழல் போலத் தடம் விழும். ஐபி முகவரி என்பது மாறாமல் நிற்கிற எழுத்துதானே, ஆகவே இந்தப் பயன்பாட்டுக்கு இது உண்மையான குறை. சில நிமிடம் காட்டிவிட்டுத் திரையை அணைத்து, ஒரு பட்டனை அழுத்தினால் திரும்ப எரியும்படி வைப்பது நல்லது, பட்டனுக்கு ஒரு ஜிபிஐஓ (பொதுப் பயன்பாட்டு) பின்னும் ஒரு கிரவுண்டும் போதும். அடுத்து, கண்ணாடிக்குச் சுற்றிலும் சட்டம் எதுவும் கிடையாது, போர்டின் ஓரத்துக்கு மிக நெருக்கமாக ஒட்டியிருக்கும், மூலைத் துளையில் ஸ்க்ரூவைக் கொஞ்சம் கூடுதலாக முறுக்கினாலே விரிசல் விழும், கீழே மடிந்து போகிற அந்த மெல்லிய ரிப்பனும் உரசல் தாங்காது. நேர் வெயிலில் வைத்தால் படிக்க முடியாது. அப்புறம் இதைவிடப் பெரிய 1.3 அங்குலத் திரை ஒன்று இதே தோற்றத்தில் கிடைக்கும், அதில் பெரும்பாலும் எஸ்ஹெச்1106 சிப் இருக்கும், அதன் நினைவகம் 132 புள்ளி அகலம், 1306க்கு எழுதிய டிரைவரை அப்படியே ஓட்டினால் படம் இரண்டு புள்ளி தள்ளி நின்று ஓரத்தில் குப்பைப் புள்ளிகள் தெரியும். திரை பழுதில்லை, டிரைவர் பெயரை மாற்றினால் சரியாகிவிடும்.

வயரே வேண்டாம் என்பவர்களுக்கு ஏடாஃப்ரூட் நிறுவனத்தின் பைஓஎல்ஈடி என்று ஒன்று இருக்கிறது, 128க்கு 32 புள்ளி, நேராகப் பின்களின் மேலேயே உட்கார்ந்துவிடும். செருகினால் வேலை முடிந்தது, உயரம் பாதிதான் என்றாலும் பெயர், முகவரி, நேரம் என்று மூன்று வரிக்கு இடமுண்டு. முதல் ஆறு பின்களை அது மூடிவிடும் என்பதை மட்டும் யோசித்துக்கொள்ளுங்கள், 5 வோல்ட் பின்கள் இரண்டும் அதற்குள் வருகின்றன, விசிறிக்கு அங்கிருந்துதான் மின்சாரம் எடுக்கிறீர்கள் என்றால் சரிப்படாது.

இனி அந்த சீரியல் கேபிள். மேலே சொன்ன எல்லாவற்றிலும் ஒரு ஓட்டை இருக்கிறது, திரையில் முகவரி வர நிரலை நிறுவ வேண்டும், நிறுவ உள்ளே போக வேண்டும், உள்ளே போக முகவரி வேண்டும். முதல் முறை யார் வழிகாட்டுவது? நெட்வொர்க்கே வேண்டாத ஒரு வழி வேண்டும், அதுதான் யூஎஸ்பியிலிருந்து டிடிஎல் சீரியலுக்கு, அதாவது வயர் வழியாகவே பையோடு எழுத்தில் பேசும் இணைப்புக்கு, மாற்றும் அடாப்டர். சிபி2102, சிஹெச்340, எஃப்டி232 என்று பல சிப்புகளில் வருகிறது, மூன்றும் நன்றாகவே வேலை செய்யும், 3.3 வோல்ட் சிக்னல் கொடுக்கிறதா என்பது ஒன்றுதான் கேள்வி. சிலவற்றில் 3.3, 5 என்று மாற்ற ஒரு ஜம்பர் இருக்கும், அதை 3.3 பக்கம் வைத்த பிறகே பையைத் தொடுங்கள்.

மாட்டுவது மூன்றே வயர். பையின் 6ஆம் பின் கிரவுண்டுக்கு, 8ஆம் பின் அதாவது பை அனுப்புகிற பின், அடாப்டரின் ஆர்எக்ஸுக்கு, 10ஆம் பின் அடாப்டரின் டிஎக்ஸுக்கு. குறுக்காகத்தான் போக வேண்டும், ஒருவர் பேசுவது இன்னொருவர் காதில் விழ வேண்டுமே. அடாப்டரில் இருக்கும் நான்காவது சிவப்பு வயர் 5 வோல்ட், பைக்குத் தனியாகப் பவர் கொடுத்திருக்கும்போது அதை மாட்டக் கூடாது, சும்மா விட்டுவிடுங்கள். எஸ்டி கார்டின் பூட் பகுதி ஃபேட் வடிவத்தில் இருப்பதால் எந்தக் கணினியிலும் திறக்கும், அதில் இருக்கும் கான்ஃபிக் கோப்பின் கடைசியில் எனேபிள் அண்டர்ஸ்கோர் யூஏஆர்டி சமம் 1 என்று ஒரு வரி சேர்த்துவிட்டுக் கார்டைப் பையில் போட்டு, உங்கள் கணினியில் புட்டி அல்லது ஸ்க்ரீன் மாதிரி ஒரு டெர்மினலை 115200 வேகத்தில் திறந்து வைத்துக்கொண்டு பையை ஆன் செய்யுங்கள். கெர்னல் செய்திகள் வரிவரியாக ஓடி, கடைசியில் லாகின் என்று வந்து நிற்கும். அங்கே உள்ளே போய் முகவரியைக் கேட்டுக்கொள்ளலாம், வைஃபை கடவுச்சொல் தப்பாக இருந்தால் அங்கேயே திருத்தலாம், ஐ2சியை ஆன் செய்து ஓஎல்ஈடியையும் அங்கேயே எழுப்பிவிடலாம். முகவரி கிடைக்காதபோது திரை "இல்லை" என்று சொல்வதோடு நிற்கும், இந்தக் கேபிள் ஏன் இல்லை என்பதையும் காட்டி, சரிசெய்யவும் விடும். பை 5 வைத்திருப்பவர்களுக்கு இரண்டு ஹெச்டிஎம்ஐ துளைகளுக்கும் நடுவில் இதற்கென்றே மூன்று பின் கனெக்டர் ஒன்று தனியாக இருக்கிறது, அதற்குப் பொருந்தும் கேபிளாகப் பார்த்து வாங்குங்கள்.

இரண்டில் ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் கேபிளை வாங்குங்கள். ஒரே ஒரு கணினி, அதுவும் எப்போதும் ஒரே இடத்தில் இருக்கும் என்றால் திரை தேவையே இல்லை, ரவுட்டரில் அதன் மேக் முகவரிக்கு ஒரு நிலையான ஐபி ஒதுக்கிவிட்டால் போதும். பையைக் கையில் எடுத்துக்கொண்டு இடம் இடமாகப் போகிறவர்கள், பாடம் நடத்துகிறவர்கள், பத்துப் பெட்டிகளை அடுக்கி வைத்திருப்பவர்கள், இவர்களுக்குத் திரை கட்டாயம் என்பேன்.

மற்ற மாற்றுகளையும் பலர் கேட்பார்கள். 16க்கு 2 எல்சிடி நல்ல பொருள்தான், 15 எழுத்து முகவரி 16 இடத்தில் கச்சிதமாக அடங்கும், தடம் விழுகிற தொல்லை இல்லை, தூரத்திலிருந்து படிக்கலாம். ஆனால் அதன் பின்னால் ஒட்டி வரும் ஐ2சி போர்டு 5 வோல்ட்டில் ஓடுவது, அதன் புல்அப் ரெசிஸ்டர்கள் சிக்னல் வயரையும் 5 வோல்ட்டுக்கு இழுத்துவிடும், நடுவில் வோல்ட்டை மாற்றிக்கொடுக்கும் லெவல் கன்வெர்ட்டர் ஒன்று போடாமல் பையில் மாட்டுவது சரியில்லை, 3.3இல் ஓட்டினால் எழுத்து வெளிறிப்போகும். டிஎம்1637 சிப் வைத்த நான்கு இலக்கத் திரையில் கடைசி எண்ணை மட்டும் காட்டலாம், முதல் மூன்றும் எப்போதும் ஒன்றுதான் என்கிற இடத்தில் அதுவே போதும். இ-இங்க் திரையை மட்டும் இந்த வேலைக்கு நான் சொல்லவே மாட்டேன், பவரைப் பிடுங்கினாலும் படம் நிற்கும் என்பது அதன் பெருமை, இங்கே அதுவே ஆபத்து, ஒரு வாரத்துக்கு முந்தைய முகவரியை இப்போதையது போலக் காட்டிக்கொண்டிருக்கும்.

எதுவுமே வாங்க மனமில்லை என்றால் பையிலேயே இருக்கும் ஏசிடி என்கிற பச்சை எல்ஈடியைப் பயன்படுத்தலாம். அதை எஸ்டி கார்டு வேலையிலிருந்து விடுவித்து, கடைசி எண்ணை இலக்கம் இலக்கமாக மின்னவைக்கிற பத்து வரி ஸ்க்ரிப்ட் போதும். 137 என்றால் ஒரு மின்னல், இடைவெளி, மூன்று, இடைவெளி, ஏழு. பூஜ்யத்துக்கு நீளமாக ஒரு முறை எரியட்டும், இல்லாவிட்டால் 10க்கும் 1க்கும் வித்தியாசம் தெரியாது. இலக்கங்களுக்கு நடுவில் ஒரு விநாடியாவது விடுங்கள், முழு எண்ணும் முடிந்த பிறகு நான்கைந்து விநாடி விட்டுத் திரும்பச் சொல்லட்டும், எண்ணத் தவறியவர் அடுத்த சுற்றில் பிடித்துக்கொள்வார். 3.5 மில்லிமீட்டர் ஆடியோ துளை இருக்கிற பை 4 மாதிரியானவற்றில் ஹெட்ஃபோன் மாட்டி, எழுத்தைப் பேச்சாக்கும் ஈஸ்பீக் நிரல் மூலம் முகவரியை வாய்விட்டே சொல்லவைக்கலாம், ஜீரோவிலும் பை 5இலும் அந்தத் துளை கிடையாது. புள்ளி வருகிற இடத்தில் எல்லாம் ஒரு சின்ன நிறுத்தம் விடும்படி எண்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக் கொடுங்கள், மொத்தமாகக் கொடுத்தால் அது தசம எண்ணாக எடுத்துக்கொண்டு கடகடவென்று படித்துவிடும்.